தவசி கதவைத் திறந்தான்

திருப்பூர் நெருப்பெரிச்சலில் வரிசையாகக் கட்டிவிட்ட லைன் வீடுகளில் முனீஸைப் போலத் துணிக்கு மடிப்பு வைக்க ஆள் கிடையாது. பனியன் கம்பெனியில் அயர்ன் மாஸ்டர். நாளெல்லாம் நின்றுகொண்டே வெளிநாட்டுக்குப் போகிற சட்டைகளைத் தேய்த்துத் தள்ளிவிட்டு வருகிறவன், வீட்டிலும் மகளின் பள்ளிச் சீருடையை வேறு யாரையும் தொடவிட மாட்டான். தரையில் கம்பளியை மடித்து விரித்து, வாயில் தண்ணீரை நிறைத்துத் துணிமேல் பூவாக ஊதி, கை நடுங்காமல் இஸ்திரிப் பெட்டியை இழுப்பான். நதியாவின் ஓவர்கோட் காலர் அட்டை வெட்டி வைத்த மாதிரி நிற்கும்.

"மாஸ்டர் மக கசங்கிப்போயி பள்ளிக்கூடம் போனா எனக்குல்ல கேவலம்" என்பான்.

நதியாவுக்கு அது பெருமையாகத்தான் இருந்தது. அரசுப் பள்ளியில் பன்னிரண்டாம் வகுப்பு; நல்ல மார்க் என்று டீச்சர்கள் உயிரியல் பிரிவில் சேர்த்துவிட்டிருந்தார்கள். ஆனாலும் முடித்துவிட்டு பி.காம் சேர்ந்து, ஏதாவது எக்ஸ்போர்ட் ஆபீசில் ஏசி அறைக்குள் உட்கார்ந்து கம்ப்யூட்டரில் ஆர்டர் பார்க்கிற வேலைக்குப் போக வேண்டும் என்பது அவள் நினைப்பு.

அம்மா ராமுத்தாய் கமுதிப் பக்கத்திலிருந்து கல்யாணமான கையோடு இங்கே வந்தவள். வேறொரு பனியன் கம்பெனியில் துணியைக் கையால் மடித்துக் கொடுக்கிற வேலையில் தொடங்கி, ஓவர்லாக் தையல் மிஷினுக்கு வந்து, இப்போது தையல் லைன் சூப்பர்வைசர். ஷிப்மென்ட் நெருங்கினால் கம்பெனி வேனில்தான் வீடு திரும்புவாள். அவள் ஒவ்வொரு படியாக ஏற ஏற முனீஸுக்கு உள்ளுக்குள் ஏதோ புழுங்கியது. முதலில் கம்பெனி வாசலில் போய் நின்று பார்த்தான். பிறகு போனை வாங்கி நோண்டினான். பிறகு கை நீட்டினான். அடி விழுகிற சத்தம் கேட்டால் பக்கத்து வீட்டில் டிவி சத்தத்தைக் கூட்டி வைத்துக்கொள்வார்கள். காலையில் ராமுத்தாய் வீங்கின கன்னத்தில் பவுடர் போட்டுக்கொண்டு வேலைக்குப் போவாள்.

மாசி மாதம். விடிந்ததுமே தகரக் கூரை சுட ஆரம்பித்திருந்தது. நதியா தலை பின்னிக்கொண்டிருந்தாள். ராமுத்தாய் அடுப்பில் குழம்பைக் கிண்டிக்கொண்டு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாள். முனீஸ் மகளின் ஓவர்கோட்டைத் தேய்த்துக்கொண்டே கேட்டான்.

"நேத்து வேன்ல கடைசியா எறங்குனது நீதானா?"

"நம்ம லைன்தானே கடைசி ஸ்டாப்பு."

"அதுக்கு முந்தின ஸ்டாப்புல எத்தன பேரு எறங்குனாளுக?"

"எண்ணிக்கிட்டா இருந்தேன்? தூங்கிப் போனேன்."

"டிரைவர் பக்கத்துல உக்காந்து தூங்கினியா?"

ராமுத்தாய் கரண்டியைத் தட்டி வைத்தாள். "பிள்ளைய வச்சுக்கிட்டுப் பேசுற பேச்சா இது? ஒமக்கு வேலையில்லன்னா போயி..."

அவள் முடிக்கவில்லை. பெட்டியின் ஒயர் பிளக்கிலிருந்து பிய்ந்து வந்த சத்தம் கேட்டு நதியா திரும்பினாள். அப்பா எழுந்து இரண்டே எட்டில் அடுப்படிக்குப் போனதும், இடது கையால் அம்மாவின் கொண்டையைப் பிடித்துக் குனிய வைத்ததும், வலது கையால் பெட்டியை அவள் முதுகில் வைத்ததும் தெரிந்தது. வைத்தவன் எடுக்கவில்லை. துணியைத் தேய்க்கிற மாதிரியே அழுத்தி, தோள்பட்டையிலிருந்து கீழே இழுத்தான். ஜாக்கெட்டின் பாலியஸ்டர் உருகி சதையோடு ஒட்டியது. கருகின நாற்றம் குழம்பு வாசனையோடு கலந்து அறையை நிறைத்தது. ராமுத்தாய் கத்தின கத்தல் மனிதக் குரலாகவே இல்லை. குழம்புச் சட்டி உருண்டது. நதியா ஓடிப்போய் அப்பாவின் கையைக் கடித்தாள். அவன் அவளை உதறினான். அவள் தலை சுவரில் மோதியது.

பெட்டி கையிலிருந்து விழுந்த பிறகுதான் முனீஸ் தான் செய்ததைப் பார்த்தான். "தண்ணி... தண்ணி எடு" என்றான் மகளிடம். அவன் முகத்தில் அப்போது பயம் இருந்தது.

அரசு ஆஸ்பத்திரியில் அவனேதான் ஆட்டோ பிடித்துக் கொண்டுபோய்ச் சேர்த்தான். கேஷுவாலிட்டியில் இருந்த பெண் டாக்டர் முதுகைப் பார்த்துவிட்டு, "எப்படிம்மா ஆச்சு?" என்று கேட்டார்.

குப்புறப் படுத்திருந்த ராமுத்தாய் பல்லைக் கடித்துக்கொண்டு, "பெட்டி தவறி விழுந்துருச்சு" என்றாள்.

"முதுகுலயா?"

"ஆமாங்க."

டாக்டர் நதியாவைப் பார்த்தார். நதியா தலையைக் குனிந்துகொண்டாள். அவளுக்குப் பின்னால் அப்பா நின்றிருந்தான்.

ராமுத்தாயின் தம்பி தவசிக்குச் செய்தி போனது. அவன் திருப்பூரிலேயே ஒரு தனியார் எலும்பு ஆஸ்பத்திரியில் வார்டு பாய். கால் உடைந்து படுத்தவர்களுக்குப் படுக்கையிலேயே மலச்சட்டி வைப்பான், உடம்பு துடைப்பான், புரட்டிப் படுக்க வைப்பான், ஆபரேஷனுக்கு முன் சவரம் செய்துவிடுவான். முப்பதைத் தாண்டியும் கல்யாணம் ஆகவில்லை. பெண் பார்க்கப் போன இடங்களில், "என்ன வேலை?" என்று கேட்டு அதோடு காபியை வைத்து அனுப்பிவிட்டார்கள். அதிகம் பேச மாட்டான். சிரித்தால் மேல் ஈறு தெரியும்.

வந்தவன் அக்காளின் முதுகைப் பார்த்தான். யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. தன் ஆஸ்பத்திரியில் லீவு சொல்லிவிட்டு, ராமுத்தாய் வார்டில் கிடந்த நாளெல்லாம் கூடவே இருந்தான். வீட்டுக்கு அனுப்பும்போது நர்ஸ் அம்மா, கட்டு மாற்றுகிற விதத்தை அவனுக்குத்தான் நின்று செய்து காட்டினார்.

லைன் வீட்டுக்குக் கூட்டி வந்ததும் தவசி முதலில் செய்த காரியம், முனீஸின் துணிகளை ஒரு கட்டைப் பையில் மடித்து வாசல் படியில் வைத்ததுதான்.

"புண்ணு ஆறுற வரைக்கும் நீங்க கம்பெனி ரூம்ல இருங்க மச்சான்."

முனீஸ் சிரித்தான். "பீச்சட்டி தூக்குற பய எனக்கு உத்தரவு போடுறியா? இது எவன் வீடு தெரியுமா?"

"தெரியும் மச்சான். அக்கா இங்கிட்டுப் படுத்திருக்கா. நீங்க வந்தா அவளுக்குக் காய்ச்சல் ஏறும். போயிட்டு வாங்க."

குரலை உயர்த்தவே இல்லை. ஆனால் கதவை அடைத்துக்கொண்டு நின்றான். லைன் வீட்டுக்காரர்கள் எட்டிப் பார்க்கத் தொடங்கியதால் முனீஸ் பையைத் தூக்கிக்கொண்டு, "வர்றேன்டா மாப்ள. வராம எங்க போவேன்?" என்று சொல்லிவிட்டுப் போனான்.

அதன்பிறகு அந்த ஒற்றை அறை ஒரு வார்டாக மாறியது. தவசி வெள்ளை வேட்டித் துணிகளைக் கிழித்துக் கொதிக்க வைத்து, வெயிலில் காய வைத்து, மூடி போட்ட வாளியில் அடுக்கி வைத்தான். தினமும் காலையில் கட்டைப் பிரிப்பான். ஒட்டிப் போன துணியை உப்புத் தண்ணீர் விட்டு ஊறவைத்து, நகத்தளவு நகத்தளவாக எடுப்பான். ராமுத்தாய் தலையணையைக் கடித்துக்கொண்டு முனகுவாள். சில நாள் தாங்காமல் தம்பியைக் கெட்ட வார்த்தையில் திட்டுவாள்.

"திட்டு, நல்லா திட்டு. இன்னும் கொஞ்சூண்டுதான்" என்பான் தவசி. சீழ் நாற்றத்துக்கு அவன் முகம் சுளித்து நதியா பார்த்ததில்லை. அவளால் முடியாது. கட்டைப் பிரிக்கிற நேரத்தில் வெளியே போய்க் குழாயடியில் நின்றுகொள்வாள். ஒரு நாள் அங்கேயே வாந்தியெடுத்தாள்.

வாடகை வாங்குகிற வீட்டுக்காரம்மா தெய்வாத்தாள் ஒரு தூக்குப் போசியில் அரிசிம்பருப்புச் சோறு கொண்டுவந்தவள், ஜன்னல் வழியாக உள்ளே பார்த்துவிட்டு தவசி வெளியே வரும்வரை நின்றாள்.

"ஏனுங் தம்பி, தப்பா நெனச்சுக்காதீங்க. கூடப் பொறந்தவளாவே இருந்தாலும் வயசுப் பொம்பள. ஆம்பள நீங்க துணிய வெலக்கி மருந்து போடறது நாலு சனம் பாக்கறாப்பல இருக்குதுங்க. அந்தப் புள்ளைய செய்யச் சொல்லலாமில்லீங்களா?"

"பிள்ளைக்கு இன்னும் கை வரலம்மா. பயப்புடுது."

"இல்லீங்க, பேசறாங்க. அதான் சொல்றனுங்க."

"என் ஆஸ்பத்திரியில எல்லாருக்கும் நாந்தான் துடைக்கிறேன். புண்ணு ஆம்பள பொம்பள பாக்காதும்மா. சோறு வாசமா இருக்கு, நெய்யி ஊத்தினீங்களா?"

தெய்வாத்தாள் நதியா பக்கம் திரும்பினாள். "சாப்புடச் சொல்லு கண்ணு. ஆறிப் போயிரும்" என்று போசியைக் கொடுத்துவிட்டு நடந்தாள். அன்றிலிருந்து இரண்டு நாளைக்கு ஒருமுறை கோழி முட்டை அனுப்பினாள். புண் ஆற முட்டை நல்லது என்று தவசி யாரிடமோ சொன்னது அவள் காதுக்குப் போயிருந்தது.

முனீஸ் போனில் பேசிக்கொண்டேதான் இருந்தான். ஒரு நாள் அழுவான். மறுநாள் வெட்டிப் போடுவேன் என்பான். தவசி போனை வாங்கி, "சரி மச்சான், சரி மச்சான்" என்று கேட்டுவிட்டு வைத்துவிடுவான்.

பங்குனியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. மத்தியானம் காற்றே இல்லை. கம்பெனிகள் லீவு என்பதால் லைனில் பாதிப் பேர் படம் பார்க்கவும் சந்தைக்கும் போயிருந்தார்கள். தவசி ஆட்டுக்கால் வாங்கி வந்து சூப்பு வைத்திருந்தான். ராமுத்தாய் ஒருக்களித்து உட்கார்ந்து குடித்துக்கொண்டிருந்தாள். பல நாளைக்குப் பிறகு அவள் தானாக உப்பு கேட்டாள்.

"சாந்தரம் கொஞ்சம் வெளிய நடக்கலாமாடா?" என்றாள்.

"நடக்கலாம்க்கா. பிள்ளை தோள புடிச்சுக்க."

பைக் வந்து நின்ற சத்தம் கேட்டது. தவசி எழுந்து வாசலுக்குப் போனான். முனீஸ் இறங்கினான். கண்கள் சிவந்திருந்தன. கையில் ஒரு இரும்புக் குழாய், மிஷின் ஸ்டாண்டிலிருந்து கழற்றினது.

"எம் பொண்டாட்டிய கூப்புடு."

"சாப்புடுறா மச்சான். குழாயக் கீழ போட்டுட்டு உக்காருங்க, பேசுவோம்."

"அக்காளும் தம்பியும் கதவ அடச்சுக்கிட்டு மருந்தா போடுறீய? ஊரே சிரிக்குதுடா."

"மச்சான்..."

குழாய் காற்றைக் கிழித்துக்கொண்டு வந்தது. தலைக்கு வந்ததைத் தவசி வலது கையால் தடுத்தான். எலும்பு முறிகிற சத்தம் உள்ளே இருந்த நதியாவுக்குக் கேட்டது. இரண்டாவது அடி அதே கையின் விரல்களில் விழுந்தது. மூன்றாவது அடிக்குள் தவசி உள்ளே சாய்ந்து, காலால் கதவைத் தள்ளி, இடது கையால் தாழ்ப்பாளைப் போட்டான். போட்ட இடத்திலேயே சரிந்து உட்கார்ந்தான். அவன் வலது கை மணிக்கட்டுக்குக் கீழே வேறு யாருடைய கையோ போலத் தொங்கியது.

வெளியே கதவில் அடி விழுந்தது. மேலே தகரம் அதிர்ந்தது. ராமுத்தாய் சூப்புக் கிண்ணத்தைப் போட்டுவிட்டுச் சுவரோடு ஒட்டிக்கொண்டாள். முதுகுப் புண் சுவரில் உரசினது கூட அவளுக்குத் தெரியவில்லை.

"கொல்லப் போறான்... கொல்லப் போறான் தவசி..."

கதவையொட்டி ஒரு ஜன்னல். கம்பி போட்டு, கண்ணாடிக் கதவு வைத்தது. குழாயால் ஒரே போடு. கண்ணாடி உள்ளே கொட்டியது. சட்டத்தில் பற்களைப் போலத் துண்டுகள் நின்றன. குழாயைக் கீழே போட்டுவிட்டு முனீஸ் கம்பிகளுக்கிடையே வலது கையை உள்ளே விட்டான். தோள் வரைக்கும் நுழைத்துத் தாழ்ப்பாளைத் தேடினான். விரல்கள் கதவின்மேல் ஊர்ந்து வந்தன. பெட்டி பிடித்த கை. நதியா அந்தக் கையைத்தான் பார்த்தாள்.

விரல் தாழ்ப்பாளைத் தொட்டது. நதியா பாய்ந்து அந்தக் கையை இரண்டு கைகளாலும் பிடித்து, தன் எடை முழுவதையும் போட்டுக் கீழே தொங்கினாள். முனீஸ் அலறிக்கொண்டு கையைப் பின்னால் இழுத்தான். அவள் விடவில்லை. சட்டத்தில் நின்ற கண்ணாடி அவன் முழங்கையின் உட்புறத்தில் இறங்கி, இழுத்த இழுப்புக்குக் கிழித்துக்கொண்டே போனது. அவள் முகத்தில் சூடாக ஏதோ பீய்ச்சி அடித்தது. பிடி வழுக்கியது. கை வெளியே போய்விட்டது.

வெளியே முனீஸ், "ஐயோ" என்றான். பிறகு உடல் விழுந்த சத்தம்.

தவசி எழுந்து ஜன்னல் வழியாகப் பார்த்தான். சிமெண்ட் வாசலில் ரத்தம் துடிப்புத் துடிப்பாகக் கொட்டிக்கொண்டிருந்தது. அவன் தாழ்ப்பாளில் இடது கையை வைத்தான்.

"தொறக்காதே!" ராமுத்தாய் கத்தினாள். "தவசி, ஒம் மேல சத்தியம், தொறக்காதே!"

"நரம்பு அத்துருச்சுக்கா."

"அத்துப் போகட்டும்! சாகட்டும்! என் முதுகைப் பாருடா! ஒன் கையைப் பாருடா!"

தவசி அக்காளைப் பார்த்தான். அவன் கண்ணில் தண்ணீர் நின்றது. கை வலியாலா என்று நதியாவுக்குத் தெரியவில்லை. அவன் தாழ்ப்பாளை நீக்கினான்.

"நதியா, அந்த வாளியில இருக்கிற துணியெல்லாம் எடுத்துட்டு வா. வெரசா வாத்தா."

அவள் ஏன் எழுந்தாள் என்று பிற்பாடு பலமுறை யோசித்திருக்கிறாள். கால் தானாக எழுந்தது. கொதிக்க வைத்துக் காய்ந்த வெள்ளைத் துணிகளை அள்ளிக்கொண்டு வெளியே ஓடினாள். முனீஸ் மல்லாந்து கிடந்தான். தவசி அவன் பக்கத்தில் முட்டி போட்டு இடது கையால் துணியைப் புண்ணில் வைத்து அழுத்தினான். முனீஸ் அந்த நிலையிலும் மற்ற கையால் அவன் முகத்தில் குத்தினான். தவசியின் உதடு கிழிந்தது. அவன் கையை எடுக்கவில்லை. ஆனால் ஒற்றைக் கை போதவில்லை. துணி நனைந்து ரத்தம் விரல் வழியே வழிந்தது.

"என்னால ஒத்தக் கையில முடியல. நீ ரெண்டு கையையும் இதுமேல வையி. உள்ளங்கை அடியால அழுத்து. ஒன் எடை பூராம் போடு. எடுத்து எடுத்துப் பாக்காதே."

சற்றுமுன் எடை முழுவதையும் போட்டுத் தொங்கின அதே கை. அவள் அதன்மேல் தன் இரு கைகளையும் வைத்து அழுத்தினாள். துணிக்கு அடியில் அப்பாவின் நாடி குதித்தது. தவசி முனீஸின் கையை உயர்த்தித் தன் தோளில் சாய்த்துக்கொண்டு, இடது கையால் போனை எடுத்து, 108-ஐ அழைத்தான்.

ராமுத்தாய் நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு வந்து நின்றாள். கட்டு நழுவி முதுகில் நீர் வழிந்துகொண்டிருந்தது.

"ஏத்தா நதியா, கைய எடு" என்றாள். இப்போது அவள் கத்தவில்லை. கெஞ்சுகிற குரல். "அம்மா சொல்றேன். எடுத்துரு. ஒண்ணும் பண்ண வேணாம், கைய மட்டும் எடு. யாரும் ஒன்னைக் கேக்க மாட்டாக. நமக்கு விடிஞ்சுரும்த்தா."

நதியா மாமனைப் பார்த்தாள். அவன் வைத்திரு என்று சொல்வான் என்று எதிர்பார்த்தாள். அவன் சொல்லவில்லை.

"ஒனக்கு முடியலன்னா சொல்லு. நான் முழங்காலைப் போட்டு அழுத்துறேன்" என்றான்.

முனீஸின் முகம் வெளுத்துக்கொண்டே வந்தது. திட்டுவதை நிறுத்திவிட்டான். "ஆத்தா... குளுருது ஆத்தா" என்றான் மகளைப் பார்த்து. பங்குனி வெயில் தலையைப் பிளந்துகொண்டிருந்தது. நதியாவுக்கு அந்த முகத்தின்மேல் துப்ப வேண்டும் போலிருந்தது. அவன் செத்தால் தேவலை என்றும் இருந்தது. கைகளை எடுத்தால் போதும். எடுக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டே அழுத்தினாள். கைக்கு அடியில் துடிப்பு இருந்துகொண்டே இருந்தது. அது இருக்கிறவரை அவளால் எடுக்க முடியவில்லை.

தெய்வாத்தாள் ஓடிவந்து வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். பிறகு தன் முந்தானையை இடுப்போடு சுற்றிச் செருகிக்கொண்டு, முனீஸின் கால்களை எடுத்துத் தன் மடிமேல் தூக்கி வைத்துக்கொண்டாள். தவசி சொன்னதால்தான் செய்தாள். "பாவி, பாவி, இப்புடிப் பண்ணீட்டியேடா" என்று வண்டி வரும்வரை சொல்லிக்கொண்டே இருந்தாள்.

முனீஸ் பிழைத்தான். கோயமுத்தூருக்கு அனுப்பி ரத்தக்குழாயைத் தைத்தார்கள். தைக்கிறவரை உயிர் நின்றதே யாரோ விடாமல் அழுத்திப் பிடித்ததால்தான் என்று அங்கே டாக்டர் சொன்னார். விரல்கள் மட்டும் மடங்கவில்லை. அந்தக் கையால் இனிப் பெட்டி பிடிக்க முடியாது.

விசாரிக்க வந்த பெண் இன்ஸ்பெக்டரிடம் நதியா, "நான்தான் கையைப் புடிச்சுத் தொங்குனேன்" என்றாள்.

"எதுக்கும்மா?"

"தொறந்தா அம்மாவைக் கொன்னுருப்பாரு."

இன்ஸ்பெக்டர் அதை அப்படியே எழுதிக்கொண்டார். இந்த முறை ராமுத்தாயும் பெட்டி தவறி விழுந்தது என்று சொல்லவில்லை. முதுகைத் திறந்து காட்டினாள்.

ஆனால் தம்பியோடு பேசுவதை அவள் நிறுத்திவிட்டாள். தவசிக்கு வலது கையில் மாவுக்கட்டு. அவனால் கட்டு மாற்ற முடியாது. அவன் பக்கத்தில் உட்கார்ந்து வாயால் சொல்லச் சொல்ல நதியாதான் அம்மாவின் முதுகைப் பிரித்தாள். முதல் நாள் அம்மா முனகினால் நிறுத்தினாள். பத்து நாள் போனபின் முனகலில் எது வலி, எது எரிச்சல் என்று கண்டுபிடிக்கப் பழகினாள். ஓரத்தில் ரோஜா நிறத்தில் புதுத் தோல் ஏறி வருவதை அவள்தான் முதலில் பார்த்தாள். "மாமா, இங்கிட்டுப் பாருங்க!" என்று கூவினாள். தேர்வு எழுதிவிட்டு வந்துகூட அவள் முதலில் முதுகைத்தான் பார்த்தாள்.

ராமுத்தாய் எல்லாவற்றையும் மகள் வழியாகவே பேசினாள். "ஒங்க மாமனச் சோறு திங்கச் சொல்லு." "ஒங்க மாமன லைட்ட அணைக்கச் சொல்லு." தவசி சிரித்துக்கொண்டே சாப்பிட்டான், லைட்டை அணைத்தான். புண் ஆறினதும் தன் பழைய அறைக்குப் போய்விட்டான். ஞாயிற்றுக்கிழமைகளில் கறி வாங்கிக்கொண்டு வருவான். அப்போதும் அவள் பேசவில்லை.

ஒரு நாள் நதியா அவனிடம் கேட்டாள். "ஏன் மாமா கதவத் தொறந்தீங்க?"

அவன் யோசித்தான். "தெரியலத்தா. ரத்தம் கொட்டுச்சு. உள்ள நிக்க முடியல."

"எனக்கு அவரு செத்திருக்கலாம்னுதான் இருந்துச்சு."

"எனக்கும் இருந்துச்சு" என்றான் தவசி. "கை ஒடஞ்ச வலியில ரொம்பவே இருந்துச்சு."

அவள் அவனை வெறித்துப் பார்த்தாள். அதை அவன் சொல்வான் என்று அவள் நினைக்கவே இல்லை. பி.காமுக்கு வாங்கி வைத்திருந்த விண்ணப்பத்தை அவள் கடைசிவரை கொடுக்கவில்லை. டாக்டருக்குப் படிக்கப் போகிறேன் என்று அந்த வாரமே தெய்வாத்தாளிடம்தான் முதலில் சொன்னாள். "அது பெரிய படிப்பு ஆச்சே கண்ணு" என்றாள் அவள். பள்ளியில் உயிரியல் டீச்சர் சாயங்காலங்களில் உட்கார வைத்துச் சொல்லிக்கொடுத்தார். முதல் வருஷம் நீட் தேர்வில் மதிப்பெண் போதவில்லை. காலையில் கம்பெனியில் தைத்த துணியைச் சரிபார்க்கிற பீஸ் செக்கிங் வேலை, மற்ற நேரமெல்லாம் புத்தகம் என்று இன்னொரு வருஷம் உட்கார்ந்தாள்.

அந்த வருஷத்தில்தான் வழக்கு கோர்ட்டுக்கு வந்தது. முனீஸ் கூண்டில் நின்றான். சூம்பின கையைத் தூக்கி எல்லாரும் பார்க்கும்படி வைத்திருந்தான். அவனுடைய வக்கீல் தவசியைக் கேட்டார்.

"கை உடைந்த நிலையிலும் நீங்கள்தானே என் கட்சிக்காரரைக் காப்பாற்றினீர்கள்?"

"ஆமாங்கய்யா. நானும் எங்க அக்கா மகளும்."

"அப்படியென்றால் அவர்மேல் உங்களுக்குக் கோபம் இல்லை. குடும்பத்துக்குள் நடந்த சச்சரவு. மன்னித்துவிட்டீர்கள். சரிதானே?"

"ரத்தம் வந்துச்சு, அடச்சோம்யா. அவரு எங்க அக்கா முதுகுல பெட்டிய வச்சாரு. எடுக்காம வச்சு இழுத்தாரு. அந்தப் புண்ண நான் தெனமும் பாத்தவன். என் கையவும் அவருதான் ஒடச்சாரு. அதையும் சொல்லத்தான் வந்திருக்கேன்."

முனீஸ் கூண்டிலிருந்தே கேட்டான். "மாப்ள, என்னப் பொழைக்க வச்சது இங்க கொண்டாந்து நிறுத்தத்தானா?"

நீதிபதி அதட்டினார். தவசி திரும்பி முனீஸின் முகத்தை நேராகப் பார்த்தான். முனீஸ்தான் பார்வையை மாற்றிக்கொண்டான். கொஞ்ச நாளில் தீர்ப்பு வந்து, அவன் சிறைக்குப் போனான்.

கோர்ட்டிலிருந்து வருகிற பஸ்ஸில் ராமுத்தாய் ஜன்னல் பக்கம் உட்கார்ந்து வெளியே பார்த்துக்கொண்டே வந்தாள். தவசி முன்சீட்டில் இருந்தான்.

இரண்டாவது வருஷம் நதியாவுக்கு அரசுப் பள்ளி மாணவர்களுக்கான இடஒதுக்கீட்டில், தெற்கே ஒரு அரசு மருத்துவக் கல்லூரியில் எம்.பி.பி.எஸ். கிடைத்தது. தெய்வாத்தாள் லைன் முழுக்கக் கற்கண்டு கொடுத்தாள். ராமுத்தாய் வேலை பார்க்கிற கம்பெனியில் மாலை போட்டுப் போட்டோ எடுத்தார்கள்.

கிளம்புவதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை, ராமுத்தாயின் முதுகுத் தழும்பு அரித்தது. வெயில் ஏறினால் எப்போதும் அப்படித்தான். நதியா தேங்காய் எண்ணெயைத் தொட்டு நீவிவிட்டுக்கொண்டிருந்தாள். பெட்டியின் முனை அப்படியே கூம்பாகத் தெரியும்படி ஆறியிருந்தது. வாசலில் தவசி கறியைக் கழுவிக்கொண்டிருந்தான். அவன் வலது கையின் இரண்டு விரல்கள் இன்னும் சரியாக மடங்குவதில்லை.

"டாக்டராகி உக்காந்திருக்கும்போது, ஒங்கப்பன் மாதிரி ஒருத்தன் ரத்தத்தோட வந்தா என்ன செய்வ?" என்று ராமுத்தாய் கேட்டாள். முகத்தைத் திருப்பாமல் கேட்டாள்.

நதியாவின் கை நின்றது.

"பாப்பேன்மா."

"பொண்டாட்டிக்குச் சூடு வச்சவன்னு தெரிஞ்சுமா?"

"தெரிஞ்சும் பாப்பேன். அவன் பொழைக்கணும்னு முழுசாப் பாப்பேன். பாத்து முடிச்சதும், அவன் என்ன பண்ணுனான்னு எழுதிக் குடுப்பேன். கூப்புட்டா கோர்ட்டுல வந்தும் சொல்லுவேன்."

வாசலில் தண்ணீர் விழுகிற சத்தம் மட்டும் கேட்டது.

"அன்னைக்கு நான் கைய எடுன்னு சொன்னேன்ல" என்றாள் கடைசியில்.

"ஆமாம்மா."

"இப்பவும் எனக்கு அப்படித்தான் தோணுது. அதுல மாத்தமில்ல."

"சரிம்மா."

ராமுத்தாய் ஜாக்கெட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, சுவரைப் பிடித்து எழுந்தாள். வாசலுக்குப் போய் நிலைப்படியில் நின்றாள். தவசி குனிந்தபடி சரியாக மடங்காத விரல்களால் கறித் துண்டுகளைப் பிழிந்துகொண்டிருந்தான். பாதி நழுவிச் சட்டிக்கு வெளியே விழுந்தது.

"தவசி" என்றாள்.

அவன் நிமிர்ந்து பார்த்தான்.

"அதக் குடு, நான் கழுவுறேன். நீ உள்ள போயி உக்காரு."

தவசி சட்டியை நீட்டினான். அவனுடைய மேல் ஈறு தெரிந்தது.